விட்டுப் படித்த பெயர்

உடம்பை நன்றாக வைத்துக்கொண்டால் புத்தி தானாக நிற்கும் என்று என்னிடம் படித்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். சும்மா வாயால் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்கு, குனி, நிமிர் என்று வேர்க்க விறுவிறுக்கச் செய்யவைத்துச் சொன்னேன். அது பொய் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், டீச்சருக்கே அப்போது தெரியாது என்று எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் புஷ்பம். ஆவூருக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபது தாண்டியும் கிணற்றில் நானேதான் இறைப்பேன். மாட்டு வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது, மெயின் ரோட்டுக்கு நடந்தே போய்ப் பஸ் பிடிப்பேன். கம்பங்கூழும் கீரையும் போதும். தலையும் அப்படித்தான் இருந்தது. வேலை பார்த்த காலத்தில் அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறக்காமலே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவேன். தாயும் என்னிடம் படித்து, மகளும் என்னிடம் படித்த வீடுகள் உண்டு. தாய் எந்த வருஷம் எந்த மூலையில் உட்கார்ந்து வேப்பங்கொட்டை விளையாடினாள் என்று மகளிடம் சொல்லி மானத்தை வாங்குவேன்.

எங்கள் வீட்டில் நோயாளி என்றால் அது என் வீட்டுக்காரர்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் சர்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வீட்டுக்கு வந்தார். இளவயதிலிருந்தே இழுப்பு. மாசிப் பனியிலும் ஆடிக் காற்றிலும் மூச்சு விசிலடிக்கும். முதலில் போகிறவர் அவர்தான் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சர்வேசுரன் மன்னிக்கட்டும்.

அன்றைக்குக் காலையில் கிணற்றடியில் நிற்கிறேன். பாதி ஏறி வந்த வாளி திரும்ப உள்ளே போய்விட்டது. கயிறு இடது கையை விட்டு நழுவிவிட்டது. "சனியன் பிடிச்ச கயிறு" என்று கயிற்றைத் திட்டினேன். திட்டு வாய்க்குள்ளேயே கொழகொழவென்று நின்றுவிட்டது. அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"புஷ்பம், என்ன வாயி ஒரு பக்கமாப் போவுது?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க, கயிறு..." என்று சொல்ல வந்தேன். அவர் காதில் என்ன விழுந்ததோ, கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

ரோடு வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து புதுக்கோட்டை பஸ். கண்டக்டர் பின்சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு என்னைக் கிடத்தினார். வழி முழுக்க யாரோ ஓர் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் பெஞ்சில் சாய்த்து வைத்தார்கள். லைசால் வாடை, குழந்தைகளின் அழுகை, யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். அவர் என் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த நர்ஸ், "இதுல பேஷண்ட் யாரு?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோழிக்கோட்டுப் பக்கம். தமிழ் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் காற்றடித்து, பாதரசம் ஏறுகிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். உடம்பிலுள்ள குழாய்க்குள் ரத்தம் எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்று அதில் தெரியுமாம். எனக்கு ரொம்பவும் முட்டுகிறதாம். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். வலது கால் மரியாதையாக எகிறியது. இடது கால் தேவைக்கு மேல் எகிறியது. மூளையிலிருந்து வருகிற கட்டளை அறுந்தால் கால் தன்னிஷ்டத்துக்கு ஆடுமாம். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மோவாயோடு சேர்த்துக் குறுக்கிப் பிடித்து, முதுகெலும்புக்கு நடுவே ஊசியை இறக்கி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற அதே நீர்தான் முதுகிலும் ஓடுகிறதாம். அதில் ரத்தம் கலந்திருந்தால் மூளையில் குழாய் வெடித்திருக்கிறது என்று அர்த்தம், கலக்காமல் இருந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நீர் தெளிவாக வந்தது. ஆனால் அந்த ஊசி! பிரசவ வலி தேவலை என்றேன், நர்ஸ் சிரித்தாள்.

"மூளைக்குப் போகும் சின்னக் குழாய் ஒன்று அடைத்துப் போயிற்று அம்மா. ஊரில் பாரிசவாயு என்று சொல்வார்கள். உங்களுக்கு லேசாகத்தான் வந்திருக்கிறது. கை கால் திரும்பிவிடும்" என்றார் டாக்டர்.

கை கால் திரும்பியும்விட்டது. உப்பில்லாச் சோறு, ரத்தக் கொதிப்புக்கு சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கிற மாத்திரை, படுக்கை. ஆனால் நான் படுக்கிற ஜாதியா? விரல் அசைய ஆரம்பித்ததும் துணிச்சுருளை வைத்து அமுக்கிப் பழகினேன். கால் தரையில் நின்றதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு வராந்தாவில் நடந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு மற்ற நோயாளிகளிடம், "இந்த அம்மாவைப் பாருங்கள், நாற்பது வயது உடம்பு" என்றார். எனக்கு அப்படிப் பெருமை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டிரில் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். இடது கை மட்டும் தலைக்கு மேலே ஏறவில்லை. அதனால் சாயங்காலம் பார்க்க விடுகிற நேரத்தில் அவர்தான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். வார்டு முழுக்கப் பொம்பளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். அவர் காது சிவந்து போகும், ஆனால் சீப்பைக் கீழே வைக்கமாட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கருப்பாயி. கந்தர்வகோட்டைப் பக்கத்தில் முந்திரித் தோப்பைக் காலாகாலமாகப் பார்த்துவந்தவள். என்னைவிட மூத்தவள். காலில் ஆறாத புண், சர்க்கரை வியாதி, கண்ணில் புரை. எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் புத்தி இருக்கிறதே, அப்படி ஒரு புத்தி. எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊர் வழியாகப் போகும், வார்டில் யாருடைய மருமகள் யாருக்கு அத்தை மகள், காலையில் எந்த நர்ஸ் யாருக்கு ஊசி போட மறந்தாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். நர்ஸுகளே அவளிடம் கேட்டுக்கொண்டு போவார்கள்.

"ஏன் டீச்சரம்மா, இங்கிட்டும் அங்கிட்டும் இப்புடி நடக்குறீகளே, பாக்குற எனக்குக் காலு வலிக்குது. ஒங்க ஒடம்ப எனக்குக் குடுத்துருங்க. என் புத்தியக் கொஞ்சம் ஒங்களுக்குத் தாரேன்" என்பாள்.

"என் புத்திக்கு என்ன கொறச்சல்?" என்று எகிறுவேன்.

"ஒண்ணுமில்ல, காலையில என்னைய மூக்காயின்னு கூப்புட்டீக. நேத்து மாரியாயின்னீக. எல்லாம் ஆயிதானே, போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவளை அப்படிக் கூப்பிட்டது எனக்கு ஞாபகமே இல்லை. அதற்கு முந்தின நாள் என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பெண் வந்தாள், என் பழைய மாணவி. "டீச்சர், நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொல்ல முடியவில்லை. "ஊசி மருந்து மயக்கம்மா" என்று சமாளித்தேன். அவள் முகம் சுருங்கிப் போனது. மருந்துதான் காரணம் என்று நானும் நம்பினேன்.

இதற்குள் என் மகன் லூர்து பொன்மலையிலிருந்து மருமகள் செசிலியோடு வந்து சேர்ந்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் எதையும் உடனே தீர்த்துவிட வேண்டும் அவனுக்கு. வராந்தாவில் நின்று அவன் தகப்பனிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"கை காலு சரியாயிருச்சுன்னா சரிப்பா. ஆனா தலையில அடிச்ச வியாதிங்கிறாரு டாக்டரு. அம்மாவுக்குப் புத்தித் தெளிவு இல்லேன்னா ஊர்ல ரெண்டு பேரும் தனியா இருக்க முடியாது. அடுப்ப அணைக்க மறந்துட்டாக்க? கெணத்தடியில? எங்கூட குவாட்டர்ஸுக்கு வந்துருங்க."

"அந்தப் பொகையிலயா?" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

பொன்மலைக்கு ஒரு தடவை போய்த் தங்கியிருக்கிறோம். எஞ்சின் கரிப்புகையில் அவருக்கு மூச்சு முட்டி, கண் செருகி, ஒரு வாரத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். இன்னொரு தடவை அந்தப் புகையில் வைத்தால் ஆள் தேறாது என்று அங்கே இருந்த ரயில்வே டாக்டரே சொன்னார். ஊரில் தனியே விட்டால் பொங்கிப் போட ஆள் கிடையாது. ஆகவே விஷயம் எனக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. என் புத்தி போனால் அவர் மூச்சுப் போகும். அன்றைக்குப் பிடித்த பயம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

மறுநாள் டாக்டர் முக்காலி இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். லூர்து, செசிலி, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் கால்மாட்டில் நின்றார்கள்.

"உடம்பைப் பார்த்தாயிற்று. இன்று தலையைப் பார்ப்போம். இன்று என்ன கிழமை?"

சொன்னேன்.

"என்ன மாதம்?"

"ஒங்க மாசமா, தமிழ் மாசமா, கோயில் மாசமா? ஒங்களுக்கு அக்டோபரு. எங்களுக்கு ஐப்பசி. கோயில்ல செபமாலை மாதா மாசம்."

டாக்டர் சிரித்தார். "எந்த ஜில்லாவில் இருக்கிறீர்கள்?"

"காயிதத்துல திருச்சி ஜில்லா. எங்களைக் கேட்டா இன்னும் சமஸ்தானந்தான்."

லூர்து முகத்தில் சந்தோஷம் பொங்கியது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தேன். உயிரெழுத்தைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பழைய கணக்குகளும் பாட்டுகளும் கேட்டதும் வந்து விழுந்தன. எனக்கே தெம்பு வந்துவிட்டது.

"கடைசிக் கேள்வி. உங்கள் கணவர் பெயர் என்ன?"

கருப்பாயி கட்டிலிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. "கேட்டாரு பாரு கேள்வி! எங்க நாட்டுல எந்தப் பொம்பளை அதச் சொல்லுவா டாக்டரே?"

செசிலியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தை சொல்ல மாட்டாங்க டாக்டர். சாமியாரே பூசையில அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு பிரசங்கம் வச்சாரு. அப்பவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க." புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பது எங்கள் பக்கத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொது. வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள் அந்தப் பெயரைத் தேடினேன். இல்லை.

டாக்டருக்குப் புரியவில்லை. "அப்படியானால் ஓட்டுப் போடும்போது, ரேஷனுக்கு, எப்படிச் சொல்வீர்கள்?"

"குறிப்புக் குடுப்போமுங்க. இப்ப என் வீட்டு ஆளு இருக்காரு பாருங்க" என்று கருப்பாயி ஆறு விரலைக் காட்டினாள். அப்புறம் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆறுமுகம்!" என்று டாக்டர் சின்னப் பிள்ளையைப் போலக் கத்தினார். வார்டே சிரித்தது.

"நீங்களும் குறிப்புக் குடுங்க டீச்சரம்மா. ஒங்களுக்கென்ன, எல்லாம் ஒங்க கோயில்ல செலையா நிக்கிற அர்ச்சிஷ்டவங்க பேருதானே. சாவி வச்சிருக்கவரா, நாய் கூட நிக்கிறவரா, பிள்ளையத் தூக்கி வச்சிருக்கவரா?"

எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்குக் குறிப்புக் கொடுக்க ஒன்றுமில்லை. பெயர் தெரிந்தால்தானே குறிப்பு. "போங்கடி, எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பிடிவாதத்தைப் பாரு" என்று லூர்து சிரித்தான். செசிலி டாக்டரிடம் மெதுவாகப் பெயரைச் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டதும் ஆமாம், அதுதான் என்று உள்ளே ஒன்றும் துள்ளவில்லை. சந்தையில் யாரோ யாரையோ கூப்பிட்டது போலத்தான் இருந்தது.

அந்தச் சிரிப்பில் சிரிக்காதவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அதை அப்போது நான் கவனிக்கவில்லை, பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது.

செசிலி சொன்ன பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கஞ்சி குடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், மாத்திரை விழுங்கும்போது சொல்லிப் பார்த்தேன், எல்லாம் மனசுக்குள்தான். மத்தியானம் வார்டு அடங்கிய நேரத்தில் திரும்பச் சொல்லப் பார்த்தால் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சேசுவே, எவ்வளவு நல்ல யோசனை என்று நினைத்தேன் அதை.

எங்கள் வீட்டில் அந்தி மணி அடித்ததும் குடும்ப செபம். டீச்சர் என்பதால் நான்தான் முன்னே சொல்வேன். செபத்தின் கடைசியில் அர்ச்சிஷ்டவர்களை, அதாவது புனிதர்களை, வேண்டுகிற பிரார்த்தனை. ஒவ்வோர் அர்ச்சிஷ்டவர் பெயராக நான் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். அந்த வரிசையில் ஓரிடத்தில் என் வீட்டுக்காரருடைய பெயர் வரும். அந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். அதை விட்டுத்தான் படிப்பேன். லூர்து சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் அந்த ஒரு பெயரை எடுத்துச் சொல்வான். அவன் போன பிறகு அவரே தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு, தனக்காகத் தானே வேண்டிக்கொள்வார். நினைத்து நினைத்துச் செய்ததல்ல அது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்த இடத்தில் உதடு தானாக ஒட்டிக்கொள்ளும். புத்திதானே போயிருக்கிறது, உதட்டுக்குத் தெரியாமலா போகும்? பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே போனால், வாய் எங்கே மூடுகிறதோ அதுதான் பெயர்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு முணுமுணுவென்று ஆரம்பித்தேன். மாதாவின் பெயர், தேவதூதர்களான சம்மனசுகளின் பெயர், ஸ்நாபக அருளப்பர். சூசையப்பர் வந்தது, வாய் மூடவில்லை. இராயப்பர், சின்னப்பர், பெலவேந்திரர், யாகப்பர். தோமையார். வாய் தடதடவென்று ஓடியது, ஓரிடத்திலும் தடுக்கவில்லை. முடியப்பர், செபஸ்தியார், அந்தோணியார். எங்கள் குடும்பத்துக்கென்று கடைசியில் சேர்த்துச் சொல்கிற சவேரியார், அருளானந்தர். முடிந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். மெதுவாக, ஒவ்வொரு பெயருக்கும் நின்று, இதுவா இதுவா என்று கேட்டுக் கேட்டுப் போனேன். எல்லாமே அவராக இருக்கலாம் போலிருந்தது. ஒன்றுமே அவர் இல்லை போலவும் இருந்தது. எத்தனையோ வருஷமாக விட்டுப் படித்த பெயரை, அன்றைக்கு என் வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். கருப்பாயிக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாதது எது?

"டீச்சரம்மா, வலிக்குதா? நர்ஸம்மாவைக் கூப்புடவா?"

"வேணாம். ஊர் ஞாபகம்."

"ஞாபகம் வந்தா நல்லதுதானே டீச்சரம்மா" என்றாள். அதற்கப்புறம் என்னை அவள் கேலி செய்யவேயில்லை.

அதிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் செய்தது ஒரே வேலை, நடிப்பு. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தம்பி, தாயி, ராசாத்தி என்று கூப்பிடப் பழகினேன். வாய்ப்பாடு சொன்னேன், வேதபுத்தகத்துச் சங்கீதம் சொன்னேன், அவர் கொண்டுவரும் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். படித்ததில் மேல் பத்தி கீழ்ப் பத்திக்கு வருமுன் காணாமல் போனது. புத்திக்கு ஏதாவது டிரில் இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்டேன். கை விரலுக்குத் துணிச்சுருள் கொடுத்த மாதிரி இதற்கும் ஏதாவது கொடுங்கள் என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அடைத்த இடம் செத்துப் போனால் செத்ததுதான் அம்மா. பக்கத்தில் இருக்கும் இடம் சில நேரம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். கைக்கு ஏற்றுக்கொண்டது. மற்றதற்கு... இன்னும் சின்னச் சின்னதாக அடைக்கவும் செய்யும். உங்களுக்கு ஏதாவது மறக்கிறதா?"

"எனக்கா? நல்லாக் கேட்டீங்க" என்றேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு மறுபடியும் சோதித்தார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், தட்டினார், நடக்கவைத்தார். கிழமை, மாதம், கழித்தல் கணக்கு எல்லாம் கேட்டார். "கணவர் பெயரைக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன்" என்று சிரித்தார். லூர்திடம், "ஊரிலேயே இருக்கட்டும். இருதயமும் நுரையீரலும் முதல் தரம். இந்த உடம்பு இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார். லூர்து கையெடுத்துக் கும்பிட்டான். இருபது வருஷமா? இந்தத் தலையை வைத்துக்கொண்டா? கண்டதையும் தின்னாமல், விடியுமுன் எழுந்து, ஓடி ஆடி வளர்த்த உடம்பு, உள்ளே ஒருத்தரும் இல்லாமல் போன பிறகும் நடந்துகொண்டே இருக்கப்போகிறது. அன்றைக்கு என் உடம்பின்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. இன்றும் அது போகவில்லை. தலை நன்றாக இருக்கிற காலை வேளைகளில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நல்ல வேளைகள் குறைந்துகொண்டு வருகின்றன. வீட்டுப் பத்திரத்திலும் கலியாணப் படத்தின் அடியிலும் பெயர் எழுதியிருக்கிறது, எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன். படித்த பெயர் அவர் முகத்தோடு சேரமாட்டேன் என்கிறது.

வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு லூர்தும் செசிலியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் குதிரை வண்டி பிடித்துவரப் போனார்கள். நானும் அவரும் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மூட்டை காலடியில் இருந்தது. அவர் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

"புஷ்பம், ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"என் பேரு என்ன?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஆயுசு கொறைஞ்சுரும்னு பயப்படாதே. இந்த நெஞ்சுல இனிமே கொறைய என்ன இருக்கு? இங்க யாரும் இல்ல. ஒரே ஒரு தடவை சொல்லிரு. நான் கேட்டதே இல்லையே ஒன் வாயால."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கின் இடது பக்கத்து மரு தெரிந்தது. அது எனக்குத் தெரியும். காப்பியில் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். இழுப்பு வருமுன் எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியும். கலியாணத்தன்று மாதா கோயில் படியில் அவர் செருப்பு அறுந்ததும், வெட்கத்தோடு வெறுங்காலில் நடந்ததும் தெரியும். வாயைத் திறந்தேன். அவர் காத்திருந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஏங்க, எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

என் இடது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "வேணாம் புஷ்பம். முடியலைன்னு மட்டும் சொல்லிறாதே. எனக்குத் தாங்காது. மாட்டேன்னு சொல்லு."

குதிரை வண்டி கேட்டுக்குள் திரும்பியது. லூர்து முன்னால் குதித்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"சொல்லு."

"மாட்டேன்" என்றேன்.

"என்னப்பா, அம்மா எதுக்கு அழுவுறாங்க? என்ன மாட்டேங்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் லூர்து.

"ஒண்ணுமில்லடா. என் பேரை ஒரு தடவை சொல்லுன்னேன். மாட்டேங்குறா ஒங்கம்மா" என்று சொல்லி அவர் சிரித்தார். நெஞ்சு விசிலடிக்க, சத்தம் போட்டுச் சிரித்தார்.

"அம்மாவா சொல்லுவாங்க? நல்லாக் கேட்டீங்க போங்க" என்று லூர்தும் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினான்.